மேலே மூன்று, கீழே மூன்று

தார்த்துவில் பனி விழத் தொடங்கிப் பதினோராம் நாள்.
ஆறு உறைந்துவிட்டதா இல்லையா என்று
பாலத்தில் நின்று இரண்டு பேர் வாதாடுகிறார்கள்.
எனக்கு வேலை இது:
ஒரு கோப்பின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டு
எங்கே வேறு என்று நிரல் சொல்லும்போது
அதை எந்த வடிவத்தில் சொல்கிறது என எழுதுவது.
கையேட்டில் பதினான்காம் அத்தியாயம்.
இதுவரை யாரும் எழுதாதது,
எல்லோரும் தெரிந்ததாகத் தலையாட்டியது.

உதாரணத்துக்கு ஒரு சிறு கோப்பு வேண்டும்.
கைக்கெட்டியது
எங்கள் கட்டடத்து நிலவறைச் சவுனாவின் முறைப்பட்டியல்.
ஏழு நாள், ஏழு வரி.

 திங்கள்: மூன்றாம் மாடி
 செவ்வாய்: ரைவோ வீட்டார்
-புதன்: ஹெல்டூர்
+புதன்:
 வியாழன்: நான்
 வெள்ளி: தீயு
 சனி: குழந்தைகள் உள்ளவர்கள்

ஹெல்டூர் அக்டோபரில் இறந்தார்.
கையேட்டுக்கு அது தேவையில்லை. எழுதவில்லை.
எழுதியது இவ்வளவுதான்:
கழித்தல் குறியில் தொடங்கும் வரி பழையதில் மட்டும் உண்டு.
கூட்டல் குறியில் தொடங்குவது புதியதில் மட்டும்.
வெற்றிடத்தில் தொடங்குவது இரண்டிலும் இருப்பது;
அதன் பெயர் சூழல்.
மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி,
தமக்கு ஒன்றும் ஆகாதவர்கள்
ஆனவரைச் சுற்றி நிற்பதுபோல,
இடம் எதுவென்று காட்ட மட்டும்.
புதனுக்கு மேலே இரண்டே நாள்தான்.
மூன்றாவதைத் தேடினால் கோப்பு அங்கே இல்லை.
ஞாயிறு எட்டாத தூரம், காட்டப்படுவதில்லை.

சரிபார்ப்பவன் ஸ்டுர்லா, பெர்கனில்.
முகம் பார்த்ததில்லை. பின்னிரவில் பதில் போடுவான்,
வணக்கம் சொல்லமாட்டான்.
"நாற்பத்திரண்டாம் வரியில் 'மாறிய வரி' என்கிறாய்.
இந்த வடிவத்தில் மாற்றம் என்று ஒன்று கிடையாது.
போனது உண்டு. வந்தது உண்டு.
இரண்டும் ஒன்றே என்பது
வாசிப்பவர் தாமாகச் செய்துகொள்வது."

கோபம் வந்தது. காப்பி போட்டேன், குடிக்கவில்லை.
தேடினால் 'மாறிய' பத்தொன்பது இடத்தில்.
ஒவ்வொன்றாக எடுத்தேன்.
சில இடத்தில் வாக்கியம் நொண்டியது.
நொண்டட்டும் என்று விட்டேன்.

பெயர் மாற்றமும் அப்படித்தானாம்.
ஒரு கோப்பு அழிகிறது, ஒன்று பிறக்கிறது;
பாதிக்கு மேல் ஒத்துப்போனால்
நிரல் ஊகிக்கிறது, அதே ஆள்தான், பெயர்தான் வேறு என்று.
எங்கும் பதிந்து வைப்பதில்லை.
கேட்கும்போதெல்லாம் புதிதாய் ஓர் ஊகம்.
இதை எழுதுகையில்
என் பழைய குடும்பப்பெயர் ஞாபகம் வந்தது.
எத்தனை சதவீதம்?
கணக்கிடவில்லை.

டிசம்பரில் நிலவறைக்கு இறங்கினேன்.
சவுனாக் கதவில் ஒரு பட்டியல்,
தபால்பெட்டிகளுக்கு மேலே அதன் நகல்.
கதவில், புதனுக்கு நேரே, பென்சிலில்: மார்யே.
நகலில், நீல மையில், சிரில்லிக் எழுத்தில்: எவ்ஹென்.
இவர் எழுதியது அவருக்குத் தெரியாது.
புதன் மாலை இருவரும் துண்டும் கையுமாகப்
படியில் சந்தித்தார்கள் என்றான் ரைவோ,
சிரிக்காமல்.

அன்றிரவு கடைசிப் பகுதி எழுதினேன்:
இரண்டு கிளைகள் சேரும்போது
குறிகளுக்கு இரண்டு நெடுவரிசை,
பெற்றோருக்கு ஒன்றாக.

- புதன்: மார்யே
 -புதன்: எவ்ஹென்
++புதன்: ஆறுக்கு மார்யே, எட்டுக்கு எவ்ஹென்

இரட்டைக் கூட்டல்:
எந்தப் பெற்றோரிடமும் இல்லாத வரி.

காலையில் ஸ்டுர்லா:
"சரி. ஆனால் உன் மாதிரிக் கோப்பின் முடிவில் புதுவரி இல்லை.
நிரல் அதைத் தனியாகச் சொல்லும், பின்சாய்கோடு போட்டு.
சரிசெய்."

திறந்து பார்த்தேன்.
பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஹெல்டூர்.
ஞாயிறு என்று அடித்து
என்டர் அழுத்தாமலே எழுந்து போயிருக்கிறார்.

பதில் எழுதினேன்:
ஞாயிறு சூழலுக்கு வெளியே இருக்கிறது.
நிரல் ஒன்றும் சொல்லாது.
இருக்கட்டும்.