நீர்க்குறி

சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடி.
இரவு ஷிஃப்டுக்கு நானும் நாலு ரேடியோவும்.
விளம்பரத்துக்கு அடியில்
காதுக்கு எட்டாத குறி ஒன்றை ஒளித்து அனுப்புகிறார்கள்:
எந்த நிலையம், எத்தனை மணி.
மெஷினுக்குக் கேட்கும். பச்சை விளக்கு எரியும்.
எனக்குக் கேட்பதெல்லாம்
ஆம்பூர் செருப்புக்கடையின் ஆடித் தள்ளுபடி,
குடியாத்தம் லுங்கி,
அப்புறம் ஒரு சோகப் பாட்டு.
பச்சை வராவிட்டால் நோட்டில் எழுதணும்: 'வரவில்லை'.
கடைக்காரர் பணம் தரமாட்டார்.

தண்ணீரில்லாத ஆறு என்று ஊரைக் கேலி பேசுவார்கள்.
பாலாற்று மணலில் ஊற்று தோண்டியவர்கள்
பேசமாட்டார்கள்.

நேற்று அண்ணனின் வாய்ஸ் மெசேஜ்,
பதினாலு மாதத்துக்குப் பிறகு.
"ஓசூர்லதான் இருக்கேன் அமலி. கம்பெனி ரூம்.
அம்மா... அம்மாகிட்ட சொல்லிடு."
அவன் குரலுக்குப் பின்னால்
டீ ஆற்றும் சத்தம், எங்கோ ஒரு ரேடியோ.

ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.
போனை மைக்கருகே பிடித்தேன்.
முதல் தடவை ஒன்றுமில்லை.
இரண்டாம் தடவையும்.
மூன்றாவதில்,
'அம்மா' என்று நிறுத்தி அவன் மூச்சு வாங்குமிடத்தில்
பச்சை.
வேலூர். இரவு ஒன்பது பன்னிரண்டு.

ஜன்னலைத் திறந்தேன்.
ஹைவே நெடுக டீக்கடை வெளிச்சம்,
எண்ணினால் பதினொன்று தெரிகிறது.
நோட்டில் நேரத்தை எழுதினேன்,
எழுதி அடித்தேன்.
லுங்கி விளம்பரம் ஒருமுறை வந்து போனது.

அப்புறம் போனை வாயருகே வைத்து
"ஓசூர்ல குளிரா அண்ணா" என்று கேட்டு அனுப்பினேன்.
எனக்குப் பின்னால்
நாலு ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தன.