தொடர்ச்சி

என் வேலை, எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது.
ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே
மெழுகுவர்த்தி எத்தனை விரற்கடை கரைந்தது,
கோப்பையின் காது எந்தப் பக்கம் பார்த்தது,
லீசி முடியை எந்தக் கையால் ஒதுக்கினாள்,
எல்லாம் நோட்டில் இருக்கும்.

தாலினில், கோப்லிப் பக்கம், ஒரு பழைய மரவீடு.
டிசம்பர். மூன்றரைக்கே இருட்டு வந்து
ஜன்னலில் உட்கார்ந்துவிடும்.
படத்தில் ஒரு கணவன்
வீட்டுக் கடிகாரங்களைத் தினமும்
நான்கு நிமிடம் தள்ளி வைக்கிறான்.
அவ்வளவுதான் செய்கிறான்.
கடைசியில் அவள்
தனக்குப் பசிக்கிறதா என்பதையும்
அவனிடமே கேட்கிறாள்.

தார்மோ கத்தமாட்டார்.
கத்துகிற இயக்குநர்களிடம் வேலை செய்திருக்கிறேன்,
அவர்களிடம் பயந்தால் போதும்.
இவர் குரலைத் தாழ்த்துவார்.
நாம்தான் குனிந்து கேட்க வேண்டும்.

பத்தொன்பதாவது டேக்கில்,
"கோப்பை ஜன்னலோரம் இருந்ததே, பிர்யே?"
நோட்டில் அடுப்போரம் என்றிருந்தது.
என் கையெழுத்து.
யூனிட்டே என்னைப் பார்த்தது.
அடித்துவிட்டு ஜன்னலோரம் என்று எழுதினேன்.

புதன்கிழமை, சால்வையின் முடிச்சு.
வெள்ளிக்கிழமை, ஒரு நாற்காலி.
"தூக்கமில்லையா, பாவம்" என்று
தன் காப்பியை எனக்குத் தந்தார்.
அன்றிரவு டிராமிலிருந்து இறங்கித் திரும்ப நடந்தேன்,
வேனின் கதவைப் பூட்டினேனா என்று பார்க்க.
பூட்டித்தான் இருந்தது.
மறுபடி நடந்தேன்.

பிறகொரு நாள்
அணைக்க மறந்த கேமராவின் மானிட்டரில்
இரண்டு விரல்கள் வந்தன.
மேசையில் சிந்திய ரொட்டித்தூளைத் தட்டுவதுபோல
கோப்பையைத் தள்ளின.
நகம் வெட்டிய, சுத்தமான விரல்கள்.

யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
காட்சியை அழித்தேன், நானே, நிதானமாக.

மறுநாள் அவருடைய மூக்குக்கண்ணாடி
இடது முனையிலிருந்து வலது முனைக்குப் போயிருந்தது.
தடவித் தடவித் தேடினார்.
"இங்கேதானே வைத்தேன்?"
"இல்லையே, தார்மோ" என்றேன்,
குரலைத் தாழ்த்தி.
அவர் குனிந்தார்.

வாய்க்குள் ஒரு இனிப்பு கரைந்தது.
அது என்னவென்று எனக்குத் தெரியும்,
பெயர் வைக்கத்தான் மனமில்லை.

அடுப்போரம் நின்ற லீசி
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவர் வெளியே போனதும் கிட்டே வந்தாள்.
"மணி என்ன, பிர்யே?"

அவள் மணிக்கட்டில்
கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.