பொருள் ஏழு

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
உதவித்தொகைக் குழு கூட
கோரத்துக்கு ஆறு பேர் வேண்டும்.
வந்தவர் நால்வர்.
‘மீதி இருவர் வழியில்’ என்று போடச் சொன்னார் தலைவர்.
சேலம் கலெக்டர் ஆபீஸ் மின்விசிறிக்குக் கீழே
தட்டுவடை செட் வந்துவிட்டது.

பொருள் ஏழு, நாகலூர்க்காரி ஒருத்தியின் நிலுவை.
கல்லூரியில் ச. கோகிலவாணி,
வங்கியில் கோகிலவாணி ச.
இரண்டு பேர் என்கிறது கணினி.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
நான்கு தடவை வந்தாள்;
நான்கு தடவையும் ஒருத்திதான் வந்தாள்.
கடைசித் தடவை
பஸ்ஸில் வாந்தியெடுத்துக் கழுவிய துப்பட்டா
என் மேசையில் சொட்டியது.

விதிப்புத்தகத்தில் அந்தப் புள்ளியைத் தேடினோம்.
இல்லை.
இல்லாததால் சென்னைக்கு எழுதத் தீர்மானம்.

மார்ச் முப்பத்தொன்று மாலை
செலவாகாத பணம் திரும்பிப் போனது.
கணக்கில் அதற்குச் சரண்டர் என்று பெயர்.
யார், யாரிடம் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்றிரவு சுத்தப் பிரதி எழுத உட்கார்ந்தேன்.
வெளியே ஜவ்வரிசி மூட்டை லாரிகள்.
வந்திருந்தோர் பத்தியில், நால்வருக்குக் கீழே,
ஐந்து: ச. கோகிலவாணி
ஆறு: கோகிலவாணி ச.

கோரம் நிறைந்தது.