தக்காளிச் சீட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில்
முப்பத்தெட்டுப் பெட்டி, பெட்டி நூற்றிருபது,
கமிஷன் போக, ஏற்றுக்கூலி போக
அண்ணன் நாகேஷின் கோணல் கையெழுத்து.
ராயக்கோட்டை மண்டிச் சீட்டு.

பின்பக்கம் காலி.
அதில்தான் நான்கு கட்டம் போட்டேன்.

ஜெர்மனி, கோடையில் ஆறு வாரம்.
சான்றிதழ் உண்டு, போட்டோவில் சைக்கிள் உண்டு,
செலவு முழுக்க நம்முடையது.
கோடை என்று அவர்கள் சொல்வது ஜூலையை.
ஜூலையில் எனக்குப் பர்கூரில் வகுப்பு.

போலந்து, ஒரு பருவம்.
கட்டணத்தை இங்கே கட்டினால் போதும்,
அங்கே கேட்க மாட்டார்கள்.
வாடகை கேட்பார்கள்.
அங்கே எழுதும் நான்கு தாளில்
இரண்டைத்தான் நம் பல்கலைக்கழகம் ஏற்குமாம்.
மிச்சத்தைத் திரும்பி வந்து
ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும்.

இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே,
கையில் இரண்டு பட்டம்:
அந்தக் கட்டத்தில் தொகை அடங்கவில்லை.
நிலத்தை விற்றாலும்
முதல் டிசம்பரைத் தாண்டாது.

தைவான் ஆய்வகத்தில் மூன்று மாதம்,
பணம் அவர்களே தருகிறார்கள்.
வகுப்பு இல்லை, தாள் இல்லை,
ஊர் பார்க்க ஞாயிறு மட்டும்.
அறை எலிப்பொறி அளவு என்றார்
போய்வந்த சீனியர் சம்பங்கி.
சொல்லும்போது சிரித்தார்,
அதையும் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டேன்.

ஜபீன், நீ கேட்டாய்:
"எது பெஸ்ட்டுன்னு ஒத்த வார்த்தைல சொல்லு."

தக்காளிக்கே ஒத்த வார்த்தை கிடையாதுடி.
கிருஷ்ணகிரிக் கடைக்குப் பழுத்தது போகும்.
சென்னைக்குச் செங்காய்.
கொச்சி லாரியில் பச்சையாகவே ஏறும்,
வழியில் பழுத்துக்கொள்ளும்.
எவ்வளவு தூரம், எத்தனை நாள்
என்று கேட்டுவிட்டுத்தான்
செடியில் கையே வைப்பார்கள்.

நான் எந்தப் பருவத்தில் இருக்கிறேன்
என்பதற்குக் கட்டம் போட மறந்திருக்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்குக் குடும்பப்பெயர் வேண்டுமாம்.
பத்தொன்பது வருடமாக
என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
அது இப்போது திம்மராயன் என்று
முழு ஆளாக எழுந்து நிற்கிறது.
போலந்தில் என்னை
மிஸ் திம்மராயன் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றேன்.
அப்பா அன்று முழுக்க
யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வந்த ஏட்டு
வழக்கு உண்டா என்றார்,
வரப்புத் தகராறு உண்டா என்றார்,
தக்காளி என்ன விலை என்றார்.
விலை சொல்லவில்லை,
அரைப்பெட்டி வண்டியில் வைத்தோம்.

விண்ணப்பத்தில்
தெரிந்த மொழிகளுக்கு மூன்று கோடு.
வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்,
மண்டியில் கன்னடம்.
உன் அம்மியிடம் திட்டு வாங்கிய உருதுவை
ஓரத்தில் நுழைத்தேன்.
இங்கிலீஷுக்கு இடமில்லை.
"அது ஒண்ணு போதும்மா,
மத்ததெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?" என்றார்
ஒருங்கிணைப்பாளர் மேடம்.
நான்கையும் அடித்தேன்,
அடித்த பிறகும் படிக்க முடிகிற மாதிரி.

நீ தைவானுக்கு அனுப்பிவிட்டாய்.
சரியான கணக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை.
நான்தான் போலந்துக் கட்டத்தைச் சுற்றிச் சுற்றி
பென்சில் முனையை மழுங்கடித்தேன்.
தெரியாத ஊரில் யாரோ நடத்தும் வகுப்பில்
கடைசி வரிசையில் உட்கார்ந்து
ஒன்றும் புரியாமல் ஒரு வாரம் இருக்க வேண்டும்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மறுநாள் பெட்டி நாற்பதுக்கு இறங்கியது.
நாகேஷ் பழைய சீட்டைக் கேட்டான், கணக்குக்கு.
பின்பக்கத்தைப் பார்க்காதே என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை,
லாரிக்கு டீசல் போடப் போய்விட்டான்.

போலந்தில்
வாடகைக்குக் கீழே
நான் எழுத மறந்த ஒரு செலவு,
அதே கோணல் கையெழுத்தில்:

ஸ்வெட்டர் 2.