ஒரே தடம்

இருபத்திரண்டு பாட்டு.
நாற்பத்தொரு வருசம்.
எல்லாம் ஏற்றியும் பென்டிரைவில் முக்கால்வாசி காலி.
சொன்னால் கெம்பம்மாள் கோபித்துக்கொள்வாள்,
சொல்லவில்லை.

காவேரிப்பட்டணத்தில்
மாங்கூழ் டப்பா அடுக்கிய குடோனுக்கு மேல் என் ஸ்டுடியோ.
சீசனில் சுவரெல்லாம் இனிப்பு வாடை,
மைக் பஞ்சுக்குள் எறும்பு.
முட்டைத் தட்டு ஒட்டிய சுவரைத் தொட்டுப் பார்த்தவள்
"கோழி எங்கடா?" என்றாள்.
பிறகுதான் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு ராயக்கோட்டை கல்யாணம், எண்பத்திரண்டு.
கேசட் இழுபட்டதில் சுருதி அரைப்படி இறங்கியிருக்கிறது.
இருந்தாலும் பத்தொன்பது வயசு;
இன்னும் யாருக்கும் கடன் கொடுக்காத குரல்.

நாலாவது, லாரி ஓனர்கள் சங்க ஆண்டுவிழா.
சரணத்தில் கரண்ட் போகிறது,
ஆர்கன் சாகிறது,
அவள் நிறுத்தவில்லை.
இருட்டில் யாரோ ஜெனரேட்டர் கயிற்றை
இழுக்கிறான், இழுக்கிறான்,
மூன்றாவது இழுப்பு தாளத்தில் விழுகிறது.

ஒன்பதாவது, எலத்தகிரியில் ஒரு பெரிய வெள்ளி ராத்திரி.
கூலிக்குப் போனது.
எந்தச் சாமி என்று கேட்கவில்லையாம்,
செத்த பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டுவிட்டுப்
பாடினாளாம்.

ஏழாவதைத் தாண்டிவிட்டேன்.
அவளும் அப்படித்தான் தாண்டச் சொன்னாள்.
மத்தியானம், டீ வந்த பிறகு,
"அதைப் போடு" என்றாள்.

முதலில் ஓர் ஆண் குரல்: ஒண்ணு... ரெண்டு...
ஆர்மோனியம் வேடியப்பன்.
அப்புறம் அவள்:
சட்டைய எடுத்துட்டுப் போனவனே
ஆணியையும் பிடுங்கிட்டுப் போ
அவனைப் பற்றித்தான் பாட்டு.
அவன்தான் வாசிக்கிறான்.
அடி முடிகிற இடத்தில் "ஆஹா" என்று வேறு சொல்கிறான்,
யாரோ ஒருத்தனைப் பற்றி என்று நினைத்து.

"அவன மட்டும் எடுத்துரு."

ஒரே மைக்கில் பிடித்தது.
ஒரே தடம்.
திரையில் அலையைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
எது காற்றுப்பெட்டி, எது தொண்டை,
எனக்கே தெரியவில்லை.
"அவர எடுத்தா நீங்களும் போயிடுவீங்கம்மா."

டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.
"அப்பவும் இதையேதான்டா சொன்னாங்க."

நான் ஏதோ பொத்தானை அமுக்கினேன்.
எதை என்று ஞாபகம் இல்லை.

பதினாலாவதில் பாட்டு என்று எதுவும் இல்லை.
போச்சம்பள்ளி, சாவு வீடு,
யாரோ நோக்கியா போனில் எடுத்தது.
வேடியப்பனின் வீட்டுக்காரியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாளாம்,
அறுநூறு ரூபாய் பேசி.
"வாங்கினீங்களா?"
"பாடினேன் இல்ல?"

கூட்டத்தின் இரைச்சலைத் தணித்துக்கொண்டே போனபோது
ஹெட்போனில் ஒன்று கேட்டது.
ஒப்பாரி தொடங்கும் முன்,
மூச்சுக்கு அடியில்,
அவள் எண்ணுகிறாள்:
ஒண்ணு... ரெண்டு...
மூணு சொல்லவில்லை.

சொல்லலாமா என்று திரும்பினேன்.
எறும்பு மைக் கம்பியில் ஏறுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழுக்கு அடுத்து பதினால வை."
வருச வரிசை கெடும் என்றேன்.
"கெடட்டும்.
நடுவுல இருக்கறதெல்லாம் பின்னால வரும்,
அதுக்கு என்ன அவசரம்?"
ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி?
வழக்கம் ரெண்டு நொடி.
"சோத்துக் கைய கழுவற நேரம் விடு."
கேட்கிறவன் முடிந்துவிட்டது என்று அணைத்துவிடுவான்.
"அணைக்கறவன் அணைக்கட்டும்."

வெறும் பூஜ்யத்தை வைக்க மனசு வரவில்லை.
மைக்கைத் திறந்து
அறையைப் பதிந்தேன், இருபது நொடி.
கீழே ஒரு டப்பா உருண்டு எதிலோ முட்டியது.
பெங்களூர் ரோட்டுக்குப் போகும் வண்டி ஒன்று
கியர் மாற்றியது.
கடைசியில், பாடப் போகிறவள் போல,
அவள் தொண்டையைச் செருமினாள்.

அதற்கு எண் போடவில்லை.
அட்டையில் இருபத்திரண்டு என்றே இருக்கிறது.