முப்பத்தொன்பது

குளுகோர் மேட்டில், மூன்றாம் மாடியில்,
குளிர்சாதனம் பழுதான அறையில்
மீன் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
மீன்களை அல்ல, ஒரே மீனை.
அதன் சிறுநீரகத்தில் ஒரு செல்லை.
அந்தச் செல் இரண்டாகப் போகும் வழியில்
கோல்சிசின் ஊற்றி நிறுத்திவைத்த
ஒரு நொடியை.

ஜெலுத்தோங் மீன்கடை ஊய் தந்த ஏழு மீன்கள்.
எது ஆண், எது பெண், அவருக்கும் தெரியாது.
"அமேசான் சரக்கு. பகலெல்லாம் குழாய்க்குள் தூங்கும்,
வாடகை பாக்கிக்காரன் மாதிரி
ராத்திரிதான் வெளியே வரும்" என்று
மலாயில் சொல்லிச் சிரித்தார்.

இதன் மின்சாரம் விரலுக்குத் தெரியாது.
இரண்டு கம்பியை நீரில் விட்டு
ஒலிபெருக்கியில் கோத்தால் கேட்கும்:
கிளம்பாமல் வாசலில் நிற்கும்
மோட்டார் சைக்கிளின் படபடப்பு.

பெண்ணுக்கு நாற்பது குரோமோசோம்.
ஆணுக்கு முப்பத்தொன்பது.
கண்ணாடித் தகட்டில் ஒன்று வழுக்கிப் போயிருக்கும் என்று
வேறு செல் பார்த்தேன். வேறு தகடு. வேறு மீன்.
"எண்ண மறந்துட்டியா?" என்றாள் ஸுராயா.
முப்பது செல்களுக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது,
இரண்டு குட்டைகள் முனையோடு முனை ஒட்டி
ஒரு நெட்டையாகிப் படுத்திருந்தது.
ஜீம்சா சாயத்தில் கருநீலம்.

சென்ற ஆகஸ்டில், பெரிய ஆஸ்பத்திரியில்,
குமுதவல்லி த/பெ அரங்கசாமி என்ற கோப்பை
மருத்துவர் என் பக்கம் திருப்புமுன்பே
தலைகீழாக நான் எண்ணிவிட்டேன்.
தொழில் பழக்கம்.
நாற்பத்தைந்து.

பதின்மூன்றும் பதினான்கும் ஒட்டியிருக்கின்றன,
முக்கியமான எதுவும் தொலையவில்லை, உங்களுக்கு ஒரு குறையுமில்லை
என்று அவர் மெதுவாகச் சொன்னார்.
எட்டாம் வாரம்.
பதினோராம் வாரம்.
மறுபடி எட்டாம் வாரம்.

தணிகைவேலுக்கு பாயான் லெப்பாஸில்
சிப்புகளில் குறை கண்டுபிடிக்கும் வேலை.
அந்தச் சொல்லை மட்டும்
சப்பாத்தோடு சேர்த்து வாசலில் கழற்றிவைக்கிறான்.
நான் மிதிக்காமல் தாண்டிப் போகிறேன்.

இன்று ஆண்மீனின் விந்தகத்தை நசுக்கிப் பார்த்தேன்.
நெட்டை நடுவில், அதைப் பற்றிக்கொண்டு
ஒட்டாத பழைய இருவர்.
மூவராய்க் கைகோத்து நிற்கிறார்கள்.
எனக்குள்ளும் இப்படித்தான் நிற்பார்கள்.
பிரியும் நேரம் வந்ததும்
நெட்டை ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்.
பார்த்த செல்லில் எல்லாம் அப்படியே.
ஒருவர்கூட வழி தவறவில்லை.

இந்தப் பிரிவைப் பழக
எத்தனை லட்சம் மழைக்காலம் ஆயிற்றோ.
பாடப்புத்தகத்தில் பரிணாமத்துக்கு
ஓர் அம்புக்குறி போட்டிருக்கும்,
பழைய மீனிலிருந்து புதிய மீனுக்கு.
அம்பின் இரு பக்கமும் வெள்ளைத்தாள்.
வழி தவறியவர்கள் எல்லாம் அங்கேதான்,
கண்திறக்காத முட்டைகளாக.
அவர்களை யாரும் எண்ணியதில்லை.
எந்தச் சாயமும் அந்த வெள்ளையில் ஏறாது.

நான்கு மணிக்கு மலைப்பக்கம் இடி.
மின்சாரம் போயிற்று.
நுண்ணோக்கி அணைந்தது. காற்றாடி நின்றது.
பேட்டரி போட்ட ஒலிபெருக்கியில் மட்டும்
படபடப்பு நிற்கவில்லை.
வாரியத்துக்குக் கட்டணம் கட்டாத மின்சாரம்.

எதற்கென்று தெரியவில்லை,
கையை நீருக்குள் விட்டேன்.
சட்டென்று வேகம் பிடித்தது.
புதிதாக ஒன்று வந்தால் இப்படித்தான் செய்யும்,
தன் மின்வலை எங்கே வளைகிறது என்று
இருட்டிலேயே தடவிப் பார்க்கும்.
விரல், மணிக்கட்டு, கண்ணாடி வளையல்,
உள்ளே ஓடும் உப்பு.
அளந்தது. எத்தனை என்று கேட்கவில்லை.
கொஞ்ச நேரத்தில் பழைய நிதானத்துக்கு வந்தது,
நான் அங்கே இருப்பது சரிதான் என்பதுபோல.
அது என் கற்பனை. மீனுக்கு அப்படியெல்லாம் கிடையாது.

விளக்கு வந்தது.
கையைத் துடைத்துக்கொண்டு
மறுபடி
ஒன்றிலிருந்து.