பதினொன்று, பதினான்கு

கோட்டைவாசல் இறக்கத்தில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டதாம்.
இரண்டு தோளையும் பிடித்துவிட்டபடி
இறங்கினார் தென்மலை சாஜன்.

பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஃபியூஸ் சரி. எர்த் வயரைச் சுரண்டி மாட்டினேன்.
மஞ்சள் விளக்கு அசையவில்லை.
மோட்டாரைக் கழற்றலாம் என்றான் இசக்கிதுரை.
பொறுடா என்றேன்.

ஸ்கேனரைச் செருகினால்
மோட்டார் நலம், சென்சார் நலம்.
ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கும் சாப்ட்வேர் பதினொன்று;
வண்டி கேட்பது பதினான்கு.
இது பேசுவது அதற்குக் கேட்கிறது,
நம்பத்தான் மாட்டேனென்கிறது.

"பெட்டி எங்க வாங்கினது?"
"உக்கடம். செகண்ட் ஹேண்டு."
புளியரை மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில்
விலை கேட்கவில்லை.

உள்ளே இன்னும் பழைய வண்டியின் சேசிஸ் எண்.
அதன் கடைசிப் பதிவு:
வேகம் எண்பத்து மூன்று.
சக்கரம் இடப்பக்கம், முழுதாக, ஒரே திருப்பு.
அடுத்த வரி காலி.

மாடோ, லாரியோ, தூக்கமோ.

சாஜன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.
பழையது அழியும், சம்மதமா என்றது திரை.
சார்ஜரை மாட்டி,
வயர் பக்கம் வராதே என்று இசக்கியை நிறுத்தி,
ஆம் அழுத்தினேன்.
பதினேழு நிமிடம்.
பிறகு சக்கரத்தை நடுவில் வைத்து
நேர் இதுதான் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒற்றை விரலுக்குச் சுற்றியது.
"இப்போ கொள்ளாம்" என்று சிரித்தார்.

பில்லில் சாப்ட்வேர், ஆயிரத்து எண்ணூறு.
கார்பன் காப்பியின் பின்புறம்
எண்பத்து மூன்று, இடப்பக்கம்
என்று எழுதிவைத்தேன்,
யாரும் கேட்கப்போவதில்லை.